தாலி முந்தி, கெட்டிமேளம் பிந்தி

வீட்டுக் கேசட்டுகளை டிவிடிக்கு மாற்றும்போது படம் எங்கே கெடுகிறது?

மூன்று முடிச்சும் விழுந்தாயிற்று. அட்சதை பறக்கிறது. விளக்கு பிடித்த நாத்தனார்கூட நகர்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் கேட்கிறது, தவில் முழங்குகிறது. 1990களில் எடுத்த கல்யாணக் கேசட்டைக் கடையில் கொடுத்து டிவிடியாக வாங்கிய பல வீடுகளில் முகூர்த்தம் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. கேட்டால், ‘கேசட் பழசு சார், இவ்வளவுதான் வரும்’ என்று பதில் வரும். பெரும்பாலும் அது சரியான பதில் இல்லை. அதே கேசட்டை நல்ல டெக்கில் போட்டு, குண்டு டிவியில் பாருங்கள். தாலியும் மேளமும் சேர்ந்தே வரும். கோளாறு கேசட்டில் இல்லை, டெக்குக்கும் டிஸ்குக்கும் நடுவில் இருக்கிறது.

கேசட்டே கெட்டிருந்தால் செய்வதற்கு அதிகமில்லை. மாற்றும் வழியில் கெட்டிருந்தால் இன்னொரு முறை மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கேசட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருக்க வேண்டும். ஓடுகிற டெக்கும் கிடைக்க வேண்டும். இரண்டாவதுதான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் இந்த வகைக் கேசட்டை ஓட்டும் விஎச்எஸ் டெக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1976இல். கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025 என்று கெடு வைத்து, 2015இலேயே எச்சரித்திருந்தது. அந்த ஆண்டில் எல்லா நாடாவும் பொடியாகிவிடும் என்பது அதன் பொருள் அல்ல. ஓட்டும் இயந்திரமும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும், உதிரி பாகங்களும் அருகிப்போகும் என்பதுதான் கணக்கு. சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, உங்கள் ஊர் டிவி மெக்கானிக் கடையானாலும் சரி, இன்று கிடைக்கிற எந்த டெக்கும் யாரோ கழித்துப்போட்டதுதான்.

ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ விநாடி

மேளம் ஏன் பிந்துகிறது? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால்தான் புரியும்.

விஎச்எஸ் நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். டெக்குக்குள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம், நம்மூர் முறையில் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல்கிறது. அதில் பதித்த ஹெட்டுகள் நாடாவின் மேல் சாய்வாக ஓடிப் படிக்கின்றன. ஒவ்வொரு சாய்வுத் தடமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அகலம்தான். இரண்டு தடம் சேர்ந்தால் ஒரு முழுப் படம், அதாவது ஒரு ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 625 கோடுகள், ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 64 மைக்ரோ விநாடி.

முப்பது வருடம் பீரோவில் வெந்த நாடா கொஞ்சம் நீண்டிருக்கும், அல்லது சுருங்கியிருக்கும். டெக்கின் ரப்பர் உருளை இறுகியிருக்கும். ஆகவே ஒரு கோடு சற்றே சீக்கிரம் வரும், அடுத்தது சற்றே தாமதமாக வரும். குண்டு டிவி இதைப் பெரிதுபடுத்தாது. வருகிற கோட்டுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். அதிகம் போனால் படத்தின் மேல்பகுதி கொடிபோல் ஒரு பக்கம் வளையும். கணினியில் செருகும் கேப்சர் கருவி அப்படிப் பொறுத்துப்போகாது. நேரம் பிசகிய ஃபிரேமைப் புரிந்துகொள்ள முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 50 ஃபிரேம் தவறினால், 3 மணி நேரக் கேசட்டின் முடிவில் 150 ஃபிரேம். 25ஆல் வகுத்தால் 6 விநாடி. படம் 6 விநாடி முன்னால் ஓடிப்போய்விட்டது. மாலை மாற்றும்போது சரியாக இருந்தது, தாலி கட்டும்போது தவறுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஒலிப் பிசகு எல்லாம் ஒரே நோய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு பிசகியிருந்தால் கவலை வேண்டாம். எடிட்டிங் மென்பொருளில் ஒலியை அந்த அளவுக்கு நகர்த்தினால் தீர்ந்தது. போகப் போக ஒரே சீராக விலகினால், படத்தைக் கேப்சர் கருவியும் ஒலியைக் கணினியின் மைக் துளையும் தனித்தனியாக வாங்கியிருக்கின்றன. இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று ஒயர்களையும் ஒரே கருவியில் செருகி மறுபடி எடுக்க வேண்டும். ஒரு காட்சி சரி, அடுத்த காட்சியில் திடீரென்று தாவல் என்றால் அதுதான் ஃபிரேம் தவறிய கேஸ். அதை எடிட்டிங்கில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய உட்கார்ந்தால் விடிந்துவிடும். திரும்ப எடுப்பதுதான் வைத்தியம்.

திரும்ப எடுக்கும்போது நடுவில் ஒரு கருவி வேண்டும். டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி. தாறுமாறாக வரும் கோடுகளை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, சரியான தாளத்தில் வெளியே விடுவது அதன் வேலை. ஸ்டுடியோக்களில் இருந்த தனிக் கருவி விலை அதிகம், கிடைப்பதும் அரிது. வீட்டில் மாற்றுபவர்கள் உலகம் முழுக்கக் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு: பானசோனிக் டிஎம்ஆர்-ஈஎஸ்10, ஈஎஸ்15 என்ற பழைய டிவிடி ரெக்கார்டர்கள். டெக்கிலிருந்து வரும் ஒயரை இதற்குள் விட்டு, வெளியே வருவதைக் கணினிக்குக் கொடுத்தால் வளைந்த படம் பெருமளவு நிமிர்ந்துவிடும். டிஸ்க் எழுதும் பகுதி செத்துப்போன ரெக்கார்டரானாலும் பரவாயில்லை. பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒருமுறை மாடல் எண்ணைப் பாருங்கள். சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஹெட் படிக்கும் மூல சிக்னலை டெக்கின் சர்க்யூட்டிலிருந்தே எடுத்து, மீதி வேலையைக் கணினியில் செய்யும் ‘விஎச்எஸ்-டீகோட்’ என்ற இலவச மென்பொருள். பலன் அபாரம். பொறுமையும் நிறைய வேண்டும்.

சொந்தக் கல்யாணத்துக்குத் தடை

டெக்கும் டிவிடி ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் சேர்ந்த இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருக்கும். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது பதிவு நின்றுவிடும். ‘காப்பி செய்ய அனுமதியில்லை’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். நம் வீட்டுக் காதுகுத்துக்கு யார் அனுமதி தர வேண்டும்?

1980களின் நடுவில் திரைப்படக் கேசட்டுகளைத் திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்க மேக்ரோவிஷன் என்ற முறை வந்தது. திரையில் தெரியாத மேல் கோடுகளில் சில துடிப்புகளை ஒளித்துவைப்பார்கள். ரெக்கார்டர் ஏமாந்துபோய்ப் படத்தை இருட்டாக்கும், பிறகு வெளிச்சமாக்கும். பிற்பாடு வந்த டிவிடி ரெக்கார்டர்கள் அந்தத் துடிப்பை அடையாளம் கண்டு பதிவையே நிறுத்தக் கற்றுக்கொண்டன. பழைய கேசட்டில் அதே இடத்தில் வெறும் இரைச்சல் இருந்தாலும் இயந்திரம் அதைத் தடைக் குறியீடு என்று எடுத்துக்கொள்கிறது. ஹெட்டைச் சுத்தம் செய்து, டிராக்கிங்கைச் சரிசெய்து பார்த்தாலே பாதி கேஸ் தீரும். மீதிக்கு டிபிசி, அல்லது வேறு கேப்சர் கருவி. டெக்கின் மெனுவில் ‘ப்ளூ பேக்’ என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். சிக்னல் கொஞ்சம் மங்கினாலும் நீலத்திரை போட்டு, தேறக்கூடிய காட்சியையும் மறைத்துவிடும்.

வெளிநாட்டுக் கேசட்டுகளின் கதை தனி. இந்தியா, இலங்கை, சிங்கப்பூரெல்லாம் ‘பால்’ சிஸ்டம். கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி. பிரான்சில் செக்காம். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் கேசட்டுகள் டொரண்டோவிலும் பாரிசிலும் எடுக்கப்பட்டிருந்தால், ஒரே பெட்டிக்குள் வேறுவேறு சிஸ்டம் கிடக்கலாம். போரில் ஆல்பமும் வீடும் போன குடும்பங்களுக்கு, வெளிநாட்டு உறவினரிடம் தங்கிய கேசட்தான் மிஞ்சிய ஒரே படம் என்பதும் உண்டு. இங்கே செய்யும் தவறு இது: ‘என்டிஎஸ்சியும் ஓடும்’ என்று போட்ட பால் டெக்கில் கனடா கேசட்டைப் போட்டு மாற்றுவது. அப்படிப்பட்ட பல டெக்குகள் வெளியே தருவது 525 கோடுகளும் பால் வண்ணமும் கலந்த ஒரு கலப்புச் சிக்னல். டிவி அதை ஏற்கும். கேப்சர் கருவிகள் பலவற்றுக்கு அது புரியாது. படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். கேசட் நிறமிழந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தந்த சிஸ்டத்தை அப்படியே வெளியே தரும் மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். அன்று சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் சுமந்துவந்த டெக்குகளில் பல இந்த வகை. யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும்.

பரணிலிருந்து இறக்கியதும்

இறக்கிய டெக்கைத் துடைத்துவிட்டு, எடுத்த எடுப்பில் கல்யாணக் கேசட்டைச் செருகுவது செய்யவே கூடாத வேலை. பல வருடம் சும்மா கிடந்த பெல்ட் இளகியிருக்கும், கிரீஸ் காய்ந்திருக்கும். எஜெக்ட் அமுக்கினால் கேசட் வெளியே வரும், நாடா உள்ளேயே மாட்டிக்கொள்ளும். போனால் போகட்டும் என்கிற பழைய படக் கேசட் ஒன்றை முதலில் முழுக்க ஓட்டுங்கள். நாடாவின் விளிம்பு மடங்குகிறதா என்று பாருங்கள். மேல் விளிம்பில்தான் சாதாரண ஒலி பதிந்திருக்கிறது. கீழ் விளிம்பில் இருப்பது ஓட்டத்தை நடத்தும் கண்ட்ரோல் டிராக். அது கசங்கினால் அந்த இடத்தில் படம் நிலைகொள்ளாது.

கேசட்டின் முதுகில், இடது ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிவு செய்ய முடியாது. நம் வீடுகளில் உடைத்த ஓட்டையின் மேல் செல்லோ டேப் ஒட்டி, சீரியலோ கிரிக்கெட்டோ பதிவு செய்த வரலாறு நிறைய. மாற்றுவதற்கு முன் அந்த டேப்பைப் பிய்த்தெறியுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டன் அமுங்கினால் எந்த டிபிசியும் காப்பாற்றாது.

கேசட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடியோ நூலோ தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம். அந்தக் கேசட்டை டெக்கில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். அதைத் தனியே உறையிலிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுக்கும் வைத்தியம் ஆவணக் காப்பகங்களில் உண்டு. பிசுபிசுப்பாகிப்போன சில வகை நாடாக்களுக்கு மட்டும், கட்டுப்பாட்டோடு செய்வது அது. வீட்டு அவனில் முயல வேண்டாம்.

அறுந்த நாடா முடிந்துபோன கதை இல்லை. கேசட் கூட்டில் ஐந்து திருகாணிதான். திறந்து, அதற்கென உள்ள ஒட்டு டேப்பால் பின்புறமாக ஒட்டி, வேறு கூட்டுக்கு மாற்றலாம். செல்லோ டேப் மட்டும் கூடாது, அதன் பசை நேரே ஹெட்டில் போய் அமரும். ஹெட்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த, இழை உதிராத துணி. பஞ்சுக் குச்சியால் மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். துணியை அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும்.

குரல் கரகரவென்று அதிர்ந்தால், ஹைஃபை டெக்கில் ஒலியை ‘நார்மல்’ அல்லது ‘மோனோ’வுக்கு மாற்றிப் பாருங்கள். தரம் குறையும், கரகரப்பு போய்விடும். படத்தின் அடியில் நெளியும் ஒரு பட்டை தெரிகிறதே என்று பதற வேண்டாம். ஹெட் மாறும் இடம் அது. எல்லா விஎச்எஸ் கேசட்டிலும் உண்டு. பழைய டிவியின் சட்டம் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

டிஸ்க் என்னும் இரண்டாவது கண்டம்

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததைக் கெடுக்க டிஸ்கில் வழிகள் பல.

முதலாவது பேராசை. ஒரு சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. 1 மணி நேரம் மட்டும் எழுதினால் விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடி பிட் கிடைக்கும். 3 மணி நேரக் கேசட்டை ஒரே டிஸ்கில் திணித்தால் அது சுமார் 35 லட்சமாகச் சுருங்கும். விஎச்எஸ் படத்தில் எப்போதும் புள்ளி இரைச்சல் உண்டு. சுருக்கும் மென்பொருளுக்கு எது புள்ளி, எது பொட்டு என்று தெரியாது. இரண்டுக்கும் இடம் ஒதுக்கும். முடிவில் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். கேசட்டுக்கு இரண்டு டிஸ்க் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஃபைனலைஸ். ரெக்கார்டரில் எழுதிய டிஸ்க் அதே ரெக்கார்டரில் ஓடும், வேறு எந்த பிளேயரிலும் ஓடாது என்றால், கடைசியாகச் செய்ய வேண்டிய இந்த வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். ரெக்கார்டர் உயிரோடு இருக்கும்போதே மெனுவில் போய்ச் செய்துவிடுங்கள். அது செத்துவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருள்தான் கதி.

மூன்றாவதைப் பார்த்தாலே கோபம் வரும். 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுத்துவைப்பது. ஒல்லிப்பிச்சான் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கவாட்டில் பருத்து, குத்துவிளக்கு அண்டாவாகிவிடும். இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிவதும் இந்த ரகத் தவறுதான். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கோடுகளை முறையாகப் பிரிக்காமல் கணினிக்கு ஏற்றியிருக்கிறார்கள். சரியாகப் பிரித்தால் விநாடிக்கு 50 படங்களாக வழவழவென்று ஓடும்.

2000த்தை ஒட்டிய வருடங்களில் விசிடிக்கு மாற்றியவர்கள் பாடு பரிதாபம். விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள். டிவிடியில் 720க்கு 576. ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அதை நம்பி அன்றே கேசட்டைத் தூக்கிப்போட்டவர்களுக்கு இனி வழியில்லை. போடாதவர்கள், இருக்கிற விசிடியை மறந்துவிட்டுக் கேசட்டிலிருந்தே மறுபடி தொடங்கலாம். அந்தக் கல்யாணக் கேசட்டே பெரும்பாலும் நகல்தான் என்பது வேறு விஷயம். பானசோனிக் எம்3000, எம்9000 கேமராக்களில் எடுத்து, பூவுக்குள் மணமக்கள் முகம் மலரும் மிக்ஸிங் செய்து, டெக்கிலிருந்து டெக்குக்கு ஏற்றிக் கொடுத்தது. மிக்ஸிங்கில் சேர்த்த சினிமாப் பாட்டு, யூடியூபில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினையும் கொண்டுவரும்.

செயற்கை நுண்ணறிவால் ‘4கே தரம்’ ஆக்கித் தருகிறோம் என்ற விளம்பரங்களை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். விஎச்எஸ் கிடைமட்டமாகப் பிரித்துக்காட்டுவது சுமார் 240 கோடுகள்தான். இல்லாததை மென்பொருள் ஊகித்து வரைகிறது. பளிச்சென்று இருக்கும், ஆனால் அது பாட்டியின் முகமாக இருக்காது. வேண்டுமானால் ஒரு நகலில் செய்து பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

ஆக, கடையில் கொடுக்கும்போது டிவிடி மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள். டிவிடி பார்க்க வசதி, அவ்வளவே. எழுதும் டிஸ்கின் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்பும் அருகிவிட்டது. தரம் இழக்காமல் சுருக்கிய மூலக் கோப்பையும் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபி அளவில் வரும், ஒரு ஹார்டு டிஸ்கில் இருபது முப்பது கேசட் தாராளமாக அடங்கும். அதை இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். டிபிசி இருக்கிறதா என்று கேளுங்கள். விழித்தால் வேறு கடை பாருங்கள். வாங்கும் முன் தொடக்கத்தை மட்டும் பார்க்காமல் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டச் சொல்லுங்கள், மேளம் பிந்துகிறதா என்பது அங்கேதான் தெரியும். கேசட்டை மறக்காமல் திரும்ப வாங்கி, படுக்கப்போடாமல் நிறுத்தி வையுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றக் காசில்லை என்றால் கல்யாணக் கேசட் காத்திருக்கட்டும், அதற்கு ஆல்பமாவது இருக்கிறது. தாத்தா பாட்டி பேசுகிற கேசட் எதுவோ, அதை முதலில் கொடுங்கள். குரலுக்கு ஆல்பம் கிடையாது.